பெரியவள், சின்னவள், நடுவில் ஏழு நொடி

அவள் சுற்றுவதை ஒரு தடவை பார்த்தால் போதும், அவளுக்குப் பம்பரம் என்று ஏன் பேர் வந்தது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஐம்பதைத் தாண்டியவள். சாவி வெட்டுகிற கடைக்காரி. மைதானத்தின் நடுவில் போய் நிற்பாள். செருப்பை ஒரு பக்கமாக உதறுவாள். கிளைடரின் இறக்கை நுனியை இரண்டு விரலால் பிடிப்பாள். உதட்டை இறுக்கிக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல், ஒரு முழுச் சுற்று, இன்னும் அரைச் சுற்று. அவ்வளவுதான். எஞ்சின் கிடையாது, ஒன்றும் கிடையாது, கையிலிருந்து கிளம்பிய அந்தக் குட்டி விமானம் விர்ரென்று வானத்துக்குள் போய்விடும். வேடிக்கை பார்க்கிறவர்களுக்கே ஒரு கணம் கால் தரையில் இல்லாததுபோல் இருக்கும். அவளுக்கு எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் சொல்லிக்கொண்டே இருப்பாள். சாவிக்கு வந்தவர் சாவியில்லாமல் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவளுடைய வீட்டுக்காரர் இருக்கிறாரே, அவர் சங்கதி வேறு. ராட்டினத்தில் ஏறவே வேண்டாம், ராட்டினத்தின் படத்தைப் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும். அப்படிப்பட்ட மனிதர் என்ன தொழில் செய்கிறார் என்கிறீர்கள்? மின்விசிறி ரிப்பேர். சிரிக்காதீர்கள், அவரும் ஆசைப்பட்டு வரவில்லை. மாமனார் கடையில் பாதி இடம் காலியாக இருந்தது, வந்து உட்கார்ந்தார், மாட்டிக்கொண்டார்.

வணிக வளாகம் ஒன்றின் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது அந்தக் கடை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினால் முழங்கை இடிக்கும். இடப்பக்கம் அவளுடைய சாவி மிஷின், அரம், கொக்கி கொக்கியாகத் தொங்கும் வெட்டாத சாவிகள். வலப்பக்கம் அவருடைய காயில், பேரிங், கழற்றிப் போட்ட விசிறி இறக்கைகள். ரிப்பேர் முடிந்த விசிறியை மேலே மாட்டி, சுவிட்சைத் தட்டிவிட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பின்னங்கழுத்தில் படுகிற காற்றை வைத்தே, "ஒரு ரெக்கை லேசா வளைஞ்சிருக்கு" என்பார். வாடிக்கையாளர்கள் ஏதோ பெரிய வித்தை என்று வாயைப் பிளப்பார்கள். வித்தையாவது ஒன்றாவது! திரும்பிப் பார்த்தால் மனிதர் விழுந்துவிடுவார், அதுதான் விஷயம்.

கிளைடர் பைத்தியம் அவளுக்குப் பிடித்த கதையும் அந்தக் கடையில்தான் நடந்தது. ஒருநாள் ஒருவர் ஆளுயரப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். பெட்டியைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டாராம். அவள் கம்பியை விட்டு ஒரு நெம்பு நெம்பினாள், திறந்துகொண்டது. உள்ளே பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னண்ணே இது, ரெக்கை இருக்கு, வால் இருக்கு, நடுவுல ஒண்ணுமே இல்லையே?"

"அது போதும்மா பறக்கிறதுக்கு. வா, மைதானத்துக்கு வந்து பாரு."

போனாள். பார்த்தாள். ஒரு தடவை எறிந்து பார்க்கட்டுமா என்று கேட்டாள். அன்றைக்கு ஏறியது இன்னும் இறங்கவில்லை. அந்த மனிதருக்கு மைதானத்தில் பெட்டிக்காரர் என்று பேர் நிலைத்ததும் அன்றைக்குத்தான்.

போட்டி என்னவென்றால், சொல்வதற்கு ரொம்ப எளிது. நடுவர் ஒரு நேரம் கொடுப்பார். விமானம் கையை விட்ட நொடியிலிருந்து கணக்கு. ரிமோட்டை வைத்துக்கொண்டு அதைக் காற்றில் தாங்கிப் பிடித்து, அந்த நேரம் முடியும்போது சரியாகக் கைக்கு வரவைக்க வேண்டும். முந்தினாலும் மார்க் போச்சு, பிந்தினாலும் மார்க் போச்சு. பறக்கவிடுகிறவரின் கண் வானத்தை விட்டு நகராது. அதனால் பக்கத்தில் ஒரு துணை ஆள் ஸ்டாப்வாட்சோடு நின்று நேரத்தைக் கூவுவார். பம்பரத்துக்குத் துணை ஆள் வேறு யார்? அவரேதான்.

"உங்களுக்குத்தான் தலை சுத்துமே, நான் வேற யாரையாவது கேட்டுக்கிறேன்" என்று முதல் நாளே அவள் சொன்னாள்.

அவர் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "மத்தது எது சுத்தினாலும் சுத்துது. நீ சுத்தினா மட்டும் எனக்கு ஒண்ணும் ஆகலை. ஏன்னு தெரியலை."

கேட்கவா வேண்டும்! அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அந்த வார்த்தையை அவள் சொல்லாத ஆள் கிடையாது. சைக்கிள் பூட்டுக்குச் சாவி கேட்டு வந்த முன்பின் தெரியாத மனிதர்களுக்கெல்லாம், "எங்க வீட்டுக்காரருக்கு நான் சுத்தினா மட்டும் தலை சுத்தாது, தெரியுமா?" என்று சொல்லியிருக்கிறாள். பாவம், அவர்களும் சந்தோஷப்பட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஒவ்வொரு வருஷமும் தேர்வுப் போட்டியில் முதல் மூன்று இடம் பிடிப்பவர்கள் கடல் தாண்டிப் பெரிய போட்டிக்குப் போவார்கள். துணை ஆளுக்கும் சேர்த்தே டிக்கெட். பம்பரம் மூன்று வருஷமாக நாலாவது. ஒவ்வொரு தடவையும் இதே கதைதான்: எறிவது பிரமாதம், பறப்பது பிரமாதம், கைக்கு வரும்போது இரண்டு மூன்று நொடி தாமதம். கோப்பைக்கு அவள் ஆசைப்படவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. எத்தனையோ ஆயிரம் தடவை விமானத்தை மேலே அனுப்பியவள், தான் ஒரு விமானத்தில் ஏறியதே இல்லை.

"கையிலிருந்து கிளம்புறப்ப அதுக்கு எப்படி இருக்கும்னு நான் ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா?" என்பாள்.

இந்த வருஷம் முட்டி டாக்டர் வேறு கையை விரித்துவிட்டார். இந்தச் சுற்றும் வேலையெல்லாம் இன்னும் கொஞ்ச காலம்தான், அப்புறம் உட்கார்ந்து செய்கிற விளையாட்டாகப் பார்த்துக்கொள்ளம்மா என்று சொல்லிவிட்டார். ஆக, போனால் இந்தத் தடவை, இல்லாவிட்டால் இல்லை.

அதனால்தான் புதிய மாடல் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகூடக் கடை திறந்து காசு சேர்த்து வாங்கினாள். பழையதுக்குப் பெரியவள் என்றும், புதியதுக்குச் சின்னவள் என்றும் அன்றைக்கே பேர் விழுந்துவிட்டது. அதில் ஒரு கூத்து. அவள் சாவியை ராவிக்கொண்டிருக்கிறாள், அவர் காயில் சுற்றிக்கொண்டிருக்கிறார், பேச்சு நடக்கிறது.

"சின்னவ வந்தாச்சு. இனி பெரியவளை என்ன பண்றது? பரண்ல தூக்கிப் போட்டுடலாமா?"

"ஐயோ பாவம், அவளும் இருக்கட்டுங்க. ஒரு கயித்தைக் கட்டி மூலையில தொங்கவிட்டுடலாம்."

"தலையைத் தனியா கழட்டி வைக்கலாமில்ல?"

அலமாரிச் சாவிக்காகக் காத்திருந்த ஒரு பெண்மணி மெல்லப் பின்வாங்கி, படியேறி, போயே போய்விட்டாள். அவளுடைய சாவி இன்னும் கடைக் கொக்கியில்தான் தொங்குகிறது.

இரண்டில் எது ஒசத்தி? மைதானமே இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தியது. பெரியவளுக்கு இறக்கை தடிமன், உடம்பில் கொஞ்சம் பாரம், வாலில் இரண்டு ஒட்டு. எறிந்தால் நிதானமாக ஏறுவாள். ஆனால் மேலே போய்விட்டால் சாது. எங்கேயாவது காற்று மேல்நோக்கிக் கிளம்பினால் உடனே ஒரு பக்க இறக்கையைத் தூக்கிக் காட்டுவாள். அங்கேயே தட்டு அளவு இடத்தில் சுற்றிச் சுற்றி ஏறுவாள். சின்னவள் முழுக்கக் கார்பன். இறக்கை தோசைக்கரண்டிபோல மெலிசு. எறிந்தால் பெரியவளைவிட நல்ல உயரம் போவாள், எதிர்க்காற்றைக் கிழித்துக்கொண்டு மைதானத்தின் அந்தக் கோடிக்கு ஓடிவிட்டுத் திரும்பியும் வருவாள். ஆனால் வேகத்தைக் குறைத்தால் கோபம் வந்துவிடும், சட்டென்று தலையைக் கவிழ்த்துவிடுவாள். காற்றில் என்ன இருக்கிறது என்பதையும் வாய் திறந்து சொல்லமாட்டாள், நாமாகக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

பம்பரத்துக்கு இந்தச் சின்னவளின் மேல் அப்படியொரு மயக்கம். அவளை எறிய வேண்டுமானால் பெரியவளுக்குச் சுற்றுகிற சுற்றுப் போதாது, உடம்பே முறுக்கிய கயிறாகி இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். சுற்றி முடித்த பிறகும் மைதானம் கொஞ்ச நேரம் அவளைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆகா, அந்தக் கிறுகிறுப்பு! இருக்கிற கவலையெல்லாம் எந்தப் பக்கம் தெறித்து விழுந்தது என்றே தெரியாது.

வாரா வாரம் சாயங்காலம், காற்று அடங்கிய நேரத்தில், இரண்டையும் மாற்றி மாற்றி எறிந்தாள். அவர் கடிகாரம் பிடித்தார். அங்கேதான் இடித்தது.

"எவ்வளவுங்க?"

"பெரியவ எவ்வளவோ அவ்வளவுதான். ஒரு நொடி கம்மின்னுகூட சொல்லலாம்."

"கண்ணு முன்னாடி அவ்வளவு உசரம் போறாளே?"

"போறா. ஆனா சீக்கிரம் வந்துடுறாளே, நான் என்ன பண்ணட்டும்?"

திரும்ப எறிவாள். திரும்ப அதே பதில். உயரமாகப் போவதெல்லாம் பகட்டு, நின்று பறக்கத் தெரியவில்லை என்று பெரியவள் கட்சிக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள். பெட்டிக்காரர் மட்டும், "அந்த மாடல் எங்கிட்டயும் இருக்கும்மா, அது அப்படி விழாதே" என்று முகவாயைத் தடவினார். அவர் போட்டியாளர் ஆயிற்றே, அவர் பேச்சை எப்படி நம்புவது? பம்பரம் மண்டையைக் குழப்பிக்கொண்டு, கடைசியில் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக்கொண்டு தேர்வுக்குப் போனாள். எந்தச் சுற்றுக்கு எதை வேண்டுமானாலும் எறியலாம் என்பது விதி.

மூன்று சுற்று. முதல் சுற்றுக்குப் பெரியவளை எடுத்தாள். பழகியவள், காலை வாரமாட்டாள் என்று நம்பிக்கை. இரண்டு நிமிஷம் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்காரர் "மூணு... ரெண்டு... ஒண்ணு" என்று கூவ, சொல்லிவைத்ததுபோலக் கையில் வந்து உட்கார்ந்தாள் பெரியவள். கூட்டம் கைதட்டியது. நடுவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மூணு நொடி லேட்டு" என்றார்.

பழைய கதை. சரி, பெரியவள்தான் இறங்க மனசு வராமல் மிதக்கிறவள் ஆயிற்றே என்று இரண்டாவது சுற்றுக்குச் சின்னவளை எடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினாள் ஒரு சுற்று! பக்கத்தில் நின்றவர்களின் தொப்பி பறந்திருக்கும். விமானம் போன உயரத்தைப் பார்த்து, எதிர்க் கட்சிக்காரர்களே "அடேயப்பா" என்றார்கள். மூன்று நிமிஷம் முடிகிற நேரம். "மூணு... ரெண்டு... ஒண்ணு!" கையில் டக்கென்று பிடித்தாள். ஒரு இம்மி பிசகவில்லை.

"ஏழு நொடி லேட்டு" என்றார் நடுவர்.

"என்னது?" பம்பரத்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "சார், உங்க கடிகாரம் சரியா ஓடுதா, இல்லை பேட்டரி தீர்ந்துபோச்சா?"

நடுவர் பாவம், சண்டைக்குப் பழகாதவர். தன் கடிகாரத்தையும், பக்கத்தில் இருந்த இன்னொரு நடுவரின் கடிகாரத்தையும் சேர்த்து நீட்டினார். இரண்டிலும் ஒரே எண். பம்பரம் வந்து பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். பலகையில் அவள் பேர் நாலாவது இடத்தில் இருந்தது. மூன்றாவது பெட்டிக்காரர். இனி ஒரே ஒரு சுற்று பாக்கி.

வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் வாங்கவில்லை. யோசித்தாள். சாயங்காலப் பயிற்சியில் சீக்கிரம் விழுகிறவள், போட்டியில் தாமதமாக வருகிறாள். ஒரே விமானம், ஒரே கை. அதெப்படி ஒரே ஆள் அங்கே சீக்கிரமும் இங்கே தாமதமும் ஆக முடியும்?

இங்கேதான் அவளுடைய தொழில் குறுக்கே வந்தது. சில சமயம் டூப்ளிகேட் சாவி பூட்டுக்குள் போகும், ஆனால் திரும்பாது. எடுத்து அசலோடு ஒட்டிப் பார்த்தால் பல்லெல்லாம் அச்சு அசல், ஆழமும் சரி, இடைவெளியும் சரி. ஆனால் மிஷின் பிடியில் சாவியை வைக்கும்போதே அதன் தோள்பட்டை, தலைக்குக் கீழே இருக்கிற அந்த முட்டு, ஒரு நூல் தள்ளி உட்கார்ந்திருக்கும். தொடக்கம் பிசகினால் வரிசையாக எல்லாப் பல்லும் அதே அளவு பிசகிவிடும். அவள் வீட்டுக்காரர் எண்ணுகிற நொடிகளில் தப்பில்லை. அவர் எண்ணத் தொடங்குகிற இடம்தான் தப்பு.

மெதுவாகத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். மனிதர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க, ஒரு எறி எறிஞ்சு பழகிக்கலாம், வாங்க. கடிகாரத்தை எடுத்துக்குங்க."

சின்னவளைப் பிடித்தாள். செருப்பை உதறினாள். உதட்டை இறுக்கினாள். சுற்றினாள். பாதிச் சுற்றில், எறியாமல், அப்படியே ஊன்றி நின்றுவிட்டாள்.

எதிரே அவளுடைய வீட்டுக்காரர், ஸ்டாப்வாட்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஊசி போடப்போகும் குழந்தைபோல நின்றுகொண்டிருந்தார். உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்து வானத்தில் தேடினார். விமானம் இல்லை. கீழே பார்த்தார். பெண்டாட்டி இருந்தாள்.

"அடப்பாவி மனுஷா!" என்றாள் பம்பரம்.

"இல்லம்மா... தூசி..."

"மூணு வருஷமாவா தூசி?" அவள் சின்னவளைப் புல்லில் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "நான் சுத்தி முடிச்சு, ப்ளேன் பாதி வானம் போனப்புறம், மெதுவா கண்ணைத் தொறந்து, அப்புறம்தான் பட்டனை அமுக்குறீங்க. பெரியவளுக்கு மூணு நொடி. சின்னவளுக்கு நான் வேகமா சுத்துறேன், அதனால ஏழு நொடி. அவ அங்க கூடுதலா பறந்ததையெல்லாம் நீங்க கண்ணை மூடி முழுங்கிட்டீங்க. நிஜத்தைச் சொல்லுங்க, ப்ளேன்ல ஏறப் பயந்துக்கிட்டுத்தானே என்னைத் தோக்கடிச்சீங்க?"

"சத்தியமா இல்லை." மனிதரின் கண் கலங்கிவிட்டது. "கண்ணைத் தொறந்து வச்சா நான் விழுந்துடுவேன். விழுந்தா நீ ப்ளேனை விட்டுட்டு என்கிட்ட ஓடி வருவே. வேற ஆளை வச்சுக்கோன்னு சொல்லியிருக்கலாம்தான். உன் பக்கத்துல நிக்கிற இடம் போயிடுமேன்னு சொல்லலை. ரெண்டு நொடி மூணு நொடிக்கு இவ்வளவு ஆகும்னு எனக்குத் தெரியாதும்மா."

"அப்ப, நான் சுத்தினா மட்டும் தலை சுத்தாதுன்னு சொன்னது? ஊர் பூரா சொல்லி வச்சிருக்கேனே!"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ சுத்தினாத்தான் ரொம்பச் சுத்துது."

பம்பரம் திட்டுவதற்காகத்தான் வாயைத் திறந்தாள். வந்தது சிரிப்பு. முதலில் ஒரு பொட்டுச் சிரிப்பு, அப்புறம் அடக்கமாட்டாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பெட்டியின் மேல் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவரும் சேர்ந்துகொண்டார். இந்த வயசில் இரண்டு பேரும் நடு மைதானத்தில் இப்படிச் சிரித்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்! அதற்குள் நடுவர் கடைசிச் சுற்றுக்குக் கூப்பிட்டுவிட்டார்.

"வேற யாரையாவது கூப்பிடட்டுமா?" என்றார் அவர். குரல் உள்ளே போயிருந்தது.

"ஒண்ணும் வேண்டாம். கடையில விசிறியை எப்படிப் பார்ப்பீங்க?"

"முதுகைக் காட்டிக்கிட்டு."

"அதே மாதிரி நில்லுங்க. நான் 'விட்டேன்'னு கத்துவேன். கத்தின நொடி பட்டனை அமுக்குங்க. வானத்தைப் பார்க்க நான் இருக்கேன். நீங்க நேரத்தைச் சொன்னா போதும்."

கடைசிச் சுற்றுக்கு ஐந்து நிமிஷம். காற்று அடங்கிய வேளையில் ஐந்து நிமிஷம் தாங்குவது விளையாட்டு இல்லை. இதற்கு முன் எறிந்த பெட்டிக்காரரின் விமானமே நாலரை நிமிஷத்தில் தரைதட்டிவிட்டது. பெரியவளா சின்னவளா என்று பம்பரம் ஒரு கணம் பார்த்தாள். முழுங்கிய நொடிகளையெல்லாம் கூட்டிக் கொடுத்தால் சின்னவள் எப்போதுமே முன்னால்தான் இருந்திருக்கிறாள், பாவம், யாருக்கும் தெரியவில்லை. பெரியவளை ஒரு தடவு தடவி வைத்துவிட்டு, சின்னவளை எடுத்தாள்.

மைதானத்தின் நடுவில் ஒருத்தி விமானத்தோடு நிற்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் திருப்பி நிறுத்திய பொம்மைபோல முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். கூட்டத்தில் யாரோ, "என்னப்பா, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று கேட்டார்கள். அவள் சுற்றினாள். ஒரு சுற்று. அரைச் சுற்று.

"விட்டேன்!"

"அமுக்கிட்டேன்!"

போனாள் சின்னவள். அப்படி ஒரு உயரம் அவள் அதுவரை போனதில்லை. பம்பரத்துக்குத் தரை ஒரு பக்கம் சாய்ந்து மெல்லத் திரும்பி வந்தது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் என்று அவர் கூவிக்கொண்டே வந்தார். மூன்றாவது நிமிஷத்துக்குப் பிறகு விமானம் தாழத் தொடங்கியது. எந்தப் பக்கம் திருப்பினாலும் காற்று செத்துக் கிடந்தது. இவளோ வாயே திறக்காத சின்னவள், என்ன செய்வது?

"ஏம்மா, காத்து மாறுது!" என்று அவர் திடீரென்று கத்தினார். "இவ்வளவு நேரம் பின்னங்கழுத்துல இருந்துச்சு, இப்ப இடது காதுல அடிக்குது."

"உங்க இடதா, என் இடதா?"

"ஐயோ, எனக்கென்ன தெரியும்! கேட் பக்கம்! கேட் பக்கத்துலேர்ந்து வருது!"

கேட் பக்கமிருந்து காற்று கிளம்பி ஓடுகிறது என்றால், எதிர்ப்பக்கம் எங்கேயோ ஒரு இடம் அதை இழுக்கிறது. அங்கே மேலே ஏறுகிறது. எதிர்ப்பக்கம் தண்ணீர்த் தொட்டி, ரொம்ப தூரம். பெரியவளாக இருந்தால் பாதி வழியிலேயே புல்லில் உட்கார்ந்திருப்பாள். சின்னவள் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு ஓடினாள். ஓடி, தொட்டிக்கு மேலே போய், யாரோ கீழேயிருந்து உள்ளங்கையால் தூக்கியதுபோல ஒரு எழும்பு எழும்பினாள். "ஏறிட்டா! ஏங்க, ஏறிட்டா!" என்று பம்பரம் குதித்தாள். "எனக்கு எப்படித் தெரியும், நீ சொன்னாச் சரிதான்!" என்று அவர் முதுகைக் காட்டிக்கொண்டே குதித்தார்.

"பத்து... ஒன்பது..."

அவ்வளவு உயரத்திலிருந்து இப்போது இறக்க வேண்டும். மூக்கைக் கவிழ்த்தாள். விமானம் விசிலடித்துக்கொண்டு வந்தது.

"மூணு... ரெண்டு... ஒண்ணு..."

கையை நீட்டினாள். இறக்கை நுனி இரண்டு விரலுக்கு நடுவில் வந்து நின்றது.

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார், இன்னொரு நடுவரின் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார், "சரியா அஞ்சு நிமிஷம்" என்றார். அப்புறம் எழுந்த இரைச்சலில் அவள் காது அடைத்துக்கொண்டது. பலகையில் பேர் மாறியது. பம்பரம் மூன்றாவது. பெட்டிக்காரர் நாலாவது. அவர் வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்; சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். "அன்னைக்கே என் பெட்டியைத் திறக்காம விட்டிருக்கணும்மா நீ" என்றார்.

அவள் சுற்றிக்கொண்டு போய் வீட்டுக்காரருக்கு முன்னால் நின்றாள். மனிதர் இன்னும் கண்ணை மூடிக்கொண்டுதான் நின்றார்.

"ஏங்க, முதுகைத்தானே காட்டிக்கிட்டு நின்னீங்க, இப்ப எதுக்குக் கண்ணை மூடுறீங்க?"

"ஒண்ணு வரைக்கும் எண்ணிட்டேன். அதுக்கப்புறம் பயமாப் போச்சு. பிடிச்சியா?"

"பிடிச்சேன்" என்றாள். சொல்லிவிட்டு, அத்தனை பேர் பார்க்க, அவருடைய இரண்டு கையையும் பிடித்து ஒரு சுற்று சுற்றிவிட்டாள். அவர் புல்லில் உட்கார்ந்து எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. ஆனால் திட்டவில்லை.

பெரிய விமானத்தில் ஏறிய அன்றைக்கு ஜன்னல் ஓரம் அவளுக்குத்தான். இரண்டு கிளைடரும் கீழே பெட்டியில். பெரியவளையும் விட்டுவிட்டுப் போக மனசில்லை. காற்று சோம்பலாக இருக்கிற நாளுக்கு அவள்தான் லாயக்கு. வீட்டுக்காரர் பெல்ட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். விமானம் உறுமியது, ஓடியது, ஓட ஓட ஜன்னலில் புல்லும் விளக்குக் கம்பமும் ஒன்றாகக் கலந்தன. நெஞ்சுக்குள் அதே பழைய கிறுகிறுப்பு. ஆனால் இந்தத் தடவை அவள் சுற்றவில்லை, யாரோ அவளை இறக்கை நுனியில் பிடித்துச் சுற்றுகிறார்கள். சக்கரம் தரையை விட்டது.

"விட்டேன்!" என்று பம்பரம் கத்தினாள்.

முன் வரிசையில் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்ணைத் திறந்தார். அவருடைய இன்னொரு கையில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு நொடிகூடப் பிந்தாமல்.